எல்லோருக்கும் என் நம்பர்

ஜூன் 3

இந்த டைரி போன வருடத்தது. உரக்கடைக்காரர் கொடுத்து அலமாரியில் சும்மா கிடந்தது. கிழமையெல்லாம் ஒருநாள் பின்தங்கியிருக்கிறது. இன்று செவ்வாய், இதில் திங்கள் என்று போட்டிருக்கிறது. அதனால் என்ன, வால்பாறையில் மழை பிடித்துக்கொண்டால் எல்லாக் கிழமையும் ஒன்றுதான். காலை பத்து மணிக்கும் என் நெட் கடையில் விளக்கு எரிகிறது. எதிரே இருக்கும் பேக்கரி பாதி நேரம் தெரிவதில்லை. மூடுபனி விலகும்போது அங்கே ஒருவர் டீ குடித்துக்கொண்டிருக்கிறார். மூடி மறுபடி விலகினால் அதே இடத்தில் வேறொருவர் நிற்கிறார். முதலாமவர் எங்கே போனார் என்று யோசித்துக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்திருக்கலாம்.

டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். ஒரு கஸ்டமருக்காகச் சில விசாரணை செய்ய வேண்டியிருக்கிறது. துண்டுச் சீட்டில் எழுதினால் தொலைந்துபோகிறது. வேலைக்குப் போய்க்கொண்டே ஆன்லைனில் பிளஸ் டூ படிக்க வேண்டும். அதற்கு உண்மையான பள்ளி எது? இதைக் கண்டுபிடிக்கத்தான் டைரி. வேறு எதற்கும் இல்லை.

மதியம் சுகிர்தா வந்தாள். எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள், இருபத்திரண்டு வயது. கொழுந்து பறிக்கப் போகும் அம்மாமார் கைக்குழந்தைகளை இவளிடம்தான் விட்டுப் போகிறார்கள். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்துத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். பிளாஸ்டிக் கவரில் சான்றிதழ் வைத்திருந்தாள்.

"மணியக்கா, பிளஸ் டூ சர்டிபிகேட்ட ஸ்கேன் பண்ணணும். பொள்ளாச்சி ஆஸ்பத்திரில நர்சிங் உதவியாளர் ட்ரெய்னிங்குக்கு ஆள் எடுக்கறாங்க. ஜூலை பத்துக்குள்ள அனுப்பணுமாம்."

ஸ்கேனர் ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 4

இன்று பதினொரு பேருக்கு ஸ்கேன் எடுத்துக் கொடுத்தேன். ஸ்கேனர் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூன் 6

நாற்பத்தைந்தே நாளில் பிளஸ் டூ என்று விளம்பரம் போட்டிருந்த இடத்துக்கு முதலில் போன் செய்தேன். பேசிய பையன் குரல் வெண்ணெய் மாதிரி இருந்தது.

"பரீட்சையப் பத்திக் கவலையே படாதீங்க மேடம். வீட்ல இருந்தே எழுதலாம். புக்கப் பாத்தும் எழுதலாம்."

"பெயிலாயிட்டா?"

"எங்ககிட்ட பெயிலே கிடையாது மேடம்."

எந்த போர்டு என்று கேட்டேன். ஒரு பெயர் சொன்னான். அதில் இந்தியாவும் தேசியமும் கவுன்சிலும் எல்லாம் வந்தன. கேட்கும்போதே நாற்காலியை விட்டு எழுந்து நிற்க வேண்டும்போலத் தோன்றியது. அங்கீகாரம் உண்டா என்றதற்கு, "எங்க வெப்சைட்லயே போட்டிருக்கோமே மேடம்" என்றான். அவர்களுக்கு அவர்களே கொடுத்துக்கொண்ட நற்சான்று. நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு இடத்திலும் இதே பாட்டுதான், ராகம் மட்டும் வேறு.

இனிமேல் கேட்க வேண்டியதை எழுதி வைக்கிறேன். பரீட்சையை நடத்துவது யார்? எங்கே போய் எழுத வேண்டும்? சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? இதையெல்லாம் கேட்ட பிறகுதான் பாடம் எப்படி நடத்துவீர்கள் என்று கேட்க வேண்டும். முன்பு நான் பாடத்தைப் பற்றி மட்டும்தான் கேட்டேன்.

விடியற்காலையில் அந்த வெள்ளைக் கட்டடம் கனவில் வந்தது. முன்னால் பெரிய புல்வெளி, பத்துத் தூண்கள், ஒவ்வொரு தூணுக்கும் பக்கத்தில் ஒரு பூந்தொட்டி. நான் கதவைத் திறந்து உள்ளே போகிறேன். உள்ளேயும் புல்வெளிதான் இருக்கிறது. கட்டடத்துக்குப் பின்பக்கமே இல்லை. யாரோ வருகைப் பதிவு எடுக்கிறார்கள், குரல் மட்டும் கேட்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் நானே "உள்ளேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எழுந்து பார்த்தால் ஜன்னலைச் சாத்தாமல் படுத்திருக்கிறேன். தலையணை நனைந்திருந்தது.

ஜூன் 9

இன்று வீட்டுக்காரருக்கு ஓய்வு நாள். திருமூர்த்தி என்று பெயர். பொள்ளாச்சி பஸ்ஸில் கண்டக்டர். நாற்பது கொண்டை ஊசி வளைவும் அவருக்கு மனப்பாடம். வீட்டில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

காலையில் பல் தேய்ப்பதற்குள் என் போன் ஆறு முறை கூவியது. அதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஊர்ல நடக்கறது பூரா உம்பட போன்லதான் நடக்குது. தாசில்தாருக்குக்கூட இத்தன தெரியாது."

அவர் சொல்வதும் நிஜம்தான். கடை வைத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் சிக்னல் கிடையாது. பாதிப் பேர் நம்பரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். விண்ணப்பத்தில் கைபேசி எண் என்ற இடம் வந்ததும், "உங்க நம்பரையே போட்டுருங்கக்கா" என்பார்கள். நானும் போட்டுவிடுவேன். ஈமெயிலும் என்னுடையதுதான். முன்னூறு பேருக்காவது நான்தான் நம்பர். ஒருவருக்குக் கேஸ் சிலிண்டர் கிளம்பிவிட்டது, ஒருவருக்குக் கண் ஆபரேஷன் தேதி வந்துவிட்டது, ஒருவரின் வாக்காளர் அட்டை தபாலில் ஏறிவிட்டது. எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். யார் யாரிடமாவது சொல்லி அனுப்புவேன். அநேகமாக எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

"ஆருக்கு இந்த பிளஸ் டூ விசாரண? போன்லயே கெடக்கற" என்று கேட்டார்.

"ஒரு கஸ்டமருக்குங்க."

"கஸ்டமருக்குப் பேரு இல்லையா?"

"துணி மூணு நாளா காயல. மொதல்ல அதப் பாருங்க."

அவர் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 13

சுகிர்தா மறுபடி வந்தாள். ஸ்கேனருக்குப் பார்ட் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும் என்று சொன்னேன். என் முதுகுக்குப் பின்னால் ஸ்கேனரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. மழை விடுகிறவரை இருக்கட்டுமா என்று கேட்டுவிட்டு மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அது அவளுடைய பழைய இடம்.

காப்பகத்துக்குள் மூடுபனி வந்துவிட்டால் குழந்தைகளைத் தொட்டுத் தொட்டுத்தான் எண்ண வேண்டுமாம். "பதினேழு பேருக்கா. எண்ணி முடிக்கறதுக்குள்ள ஒண்ணு தூங்கிரும், ஒண்ணு எந்திரிச்சிரும். எண்ணிக்கிட்டே நானும் தூங்கிருவேனோன்னு பயமா இருக்கும்." போன மாதம் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்திருக்கிறது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடம்பைத் துடைத்து, எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்து வைத்திருக்கிறாள். டாக்டர் வந்து பாராட்டினாராம்.

"என்ன படிச்சிருக்கேன்னு கேட்டாரு. பிளஸ் டூன்னு சொன்னேன். அப்ப இதோட நிக்காதம்மான்னாரு. எனக்கு நாலு நாளா தூக்கமே வரலக்கா."

அவள் போன பிறகு வெகுநேரம் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் படித்தாள், அதில் பொய் இல்லை. அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், பதினொன்றாம் வகுப்போடு நின்றவள். ஆன்லைனில் படிக்கலாம் என்று பள்ளியைத் தேடிப் பிடித்து நான்தான் சேர்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து உயிரியல் படித்தாள். பரீட்சையும் அங்கேயே எழுதினாள். புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்று சொல்லியிருந்தார்கள். இவள் புத்தகத்தை மூடி என் மேஜையில் வைத்துவிட்டு எழுதினாள். சான்றிதழ் வந்தபோது ஓரமெல்லாம் தங்க நிறத்தில் மின்னியது. நான்தான் லேமினேட் செய்து கொடுத்தேன். அவள் அம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அந்தப் பள்ளி பள்ளியே இல்லை. வெள்ளைக் கட்டடம் அவர்கள் வெப்சைட்டில் இருந்த படம். அதே படத்தைப் பிற்பாடு ஒரு ஹோட்டல் விளம்பரத்தில் பார்த்தேன், அதே பூந்தொட்டிகளோடு.

ஜூன் 14

மழை. லேமினேஷன் மெஷினைத் துடைத்து உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

ஜூன் 20

இன்று ஒரு நல்ல பேச்சு. கோயம்புத்தூரில் ஆன்லைன் வகுப்பு நடத்தும் ஒரு இடம். போனை எடுத்த அம்மாளுக்குச் சுலோசனா என்று பெயர். குரலில் வெண்ணெயெல்லாம் இல்லை. சாக்பீஸ் தூசி இருந்தது.

"நாங்க பாடம் மட்டுந்தாங்க நடத்தறோம். பரீட்சை அரசாங்கத் திறந்தநிலைப் பள்ளியோடது. சர்டிபிகேட்டும் அவங்களுதுதான். சென்டருக்கு நேர்ல போய் எழுதணும்."

"பெயிலாவாங்களா?"

"படிக்காட்டி ஆவாங்க. மறுபடி எழுதலாம்."

எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடம் பெயிலாவார்கள் என்று சொன்னதற்காக அழுத பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அவரே மேற்கொண்டு சொன்னார்: "எங்க பேச்சையும் நம்பாதீங்க. போர்டோட சொந்த லிஸ்ட்டப் பாருங்க. அதுல எந்தெந்த சென்டர் இருக்குதுன்னு அவங்களே போட்டிருப்பாங்க. அப்புறம், மேல எங்க சேரப் போறாங்களோ அங்கயே கேட்டுருங்க, இந்த சர்டிபிகேட்ட எடுத்துக்குவீங்களான்னு. பொள்ளாச்சியிலயே ஒரு ஸ்கூல்ல சென்டர் இருக்குது. எங்களுக்குப் பணம் கட்டாம நேராவே அங்க சேர்ந்துக்கலாம். இந்த வருசத்துக்கு ஜூலை முப்பத்தொண்ணு கடைசி."

தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொள்கிற மனுஷி. பிறகு கேட்டார்: "படிக்கப் போறது ஆரு?"

"ஒரு பொண்ணுங்க. அதுக்காகத்தான் நான்..."

"அப்ப அந்தப் பொண்ணையே பேசச் சொல்லுங்க. படிக்கறவங்க கேக்காம நான் மேல ஒண்ணும் சொல்றதில்ல."

ஜூன் 24

போர்டின் லிஸ்ட்டைப் பார்த்தேன். பொள்ளாச்சி சென்டர் அதில் இருக்கிறது. விசாரணை முடிந்தது. இந்த டைரிக்கு இனி வேலை இல்லை.

ஆனாலும் பேனாவை மூடத் தோன்றவில்லை. பனி இன்று கடைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. யாரும் வரவில்லை. ஒன்றையாவது எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு, ஆடி மாதம், சுகிர்தா ஒரு நர்சிங் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். எல்லோருக்கும் போலவே என் நம்பர், என் ஈமெயில். பதில் எனக்கு வந்தது. 'தாங்கள் இணைத்துள்ள மேல்நிலைச் சான்றிதழை வழங்கிய அமைப்பு அங்கீகாரம் பெற்றது அன்று. தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.' முதலில் ஏதோ தவறுதலாக எழுதிவிட்டார்கள் என்று நினைத்தேன். அந்தப் பள்ளிக்குப் போன் செய்தேன். நம்பர் உபயோகத்தில் இல்லை.

சாயங்காலம் அவள் வந்து கேட்டாள். "சீட்டு முடிஞ்சு போச்சாங் கண்ணு" என்றேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். அவள் "பரவால்லக்கா, உங்களால முடிஞ்சத செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வார்த்தைக்குப் பிறகு சொல்ல முடியவில்லை. நாளை நாளை என்று மூன்று வருடம் போய்விட்டது.

அந்த ஈமெயிலை நான் அழிக்கவில்லை. எதற்காக வைத்திருக்கிறேன் என்றும் தெரியவில்லை.

ஜூலை 1

"ஸ்கேனர் கெடக்குதுக்கா, விடுங்க. வியாழக்கெழம லீவு சொல்லிட்டேன். பொள்ளாச்சி போய் ஒரிஜினலையே நேர்ல குடுத்துர்றேன்" என்றாள் சுகிர்தா. புது ரிப்பன் வாங்கியிருந்தாள்.

கையில் கொண்டுபோய்க் கொடுத்தால் போலிச் சான்றிதழ் கொடுத்தவள் என்று ஆகிவிடும். போலீஸ் வரைக்கும்கூடப் போகலாம். அதில் அவள் பெயர்தான் இருக்கும், என் பெயர் எங்கேயும் இருக்காது.

நானும் பொள்ளாச்சிக்கு வருகிறேன், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 3

காலை முதல் பஸ். வீட்டுக்காரர்தான் கண்டக்டர். எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார். சுகிர்தாவுக்கு ஜன்னல் பக்கம். மடியில் சான்றிதழ் கவர்.

கீழே இறங்கும்போது வளைவுகளின் எண்ணும் இறங்கிக்கொண்டே வரும். நாற்பதில் சொல்லிவிடுவது என்று நினைத்திருந்தேன். நாற்பதில் அவள் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாள். முப்பத்தொன்றில் ஒரு லாரி எதிரே வந்து பஸ் பின்னால் போனது, அப்போது பேசக்கூடாது. இருபத்தைந்தில் வெளியே ஒன்றுமே இல்லை. மரமில்லை, பள்ளமில்லை, ரோட்டின் வெள்ளைக்கோடுகூட இல்லை. பஸ் மேகத்தில் நின்றுகொண்டிருக்கிறது, எண் எழுதிய பலகைகள்தான் ஒவ்வொன்றாக எங்களைத் தேடி வருகின்றன என்று பட்டது. இப்படியே போய்க்கொண்டிருந்தால் தேவலை, பொள்ளாச்சி வரவே வேண்டாம் என்று இருந்தது. சுகிர்தா கண்ணாடியில் விரலால் ஏதோ எழுதினாள். அவள் பெயர்தான். பக்கத்தில் நர்ஸ் என்று எழுதிவிட்டு, வெட்கப்பட்டு அழித்தாள்.

பதினேழில் வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.

ஒன்பதாவது வளைவில் பனி சட்டென்று அறுந்து, கீழே ஆழியாறு அணை முழுக்கத் தெரிந்தது. வெயில் அடித்தது. பஸ்ஸில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அப்போது சொன்னேன்.

"சுகிர்தா, அந்த சர்டிபிகேட்டக் குடுக்காத. அது செல்லாது. நான் சேர்த்துவிட்டது பொய்ப் பள்ளிக்கூடம். அன்னிக்கு சீட்டொண்ணும் முடிஞ்சு போகல, சர்டிபிகேட்டத்தான் அவங்க ஏத்துக்கல. எனக்கு மெயில் வந்துச்சு. உங்கிட்ட மறைச்சுட்டேன்."

அவள் அணையைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். எட்டாவது வளைவும் ஏழாவது வளைவும் போயின.

"எப்ப வந்துச்சு?"

"மூணு வருசம் முன்னாடி. ஆடியில."

"உங்க போனுக்கா?"

"ஆமா கண்ணு."

"எனக்கு வந்தது."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எழுந்து முன்னால் போய் டிரைவர் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஆழியாறில் இறங்கி, ரோட்டைக் கடந்து மலைக்குத் திரும்பும் பஸ்ஸுக்காக நின்றாள். ரிப்பன் அவிழ்ந்து தோளில் கிடந்தது. நான் பொள்ளாச்சி வரைக்கும் போய், அங்கே செய்ய ஒன்றுமில்லாமல் அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

ஜூலை 4

முன் ஸீட்டில் அவள் விட்டுப் போன சான்றிதழ் கவரை வீட்டுக்காரர் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "கஸ்டமர் பேரு இதுல போட்டிருக்குது" என்றார். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, உப்பு டப்பாவை அவரே தேடி எடுத்து ரசம் வைத்தார்.

ஜூலை 12

அவள் வரவில்லை. ஆஸ்பத்திரியின் கடைசித் தேதியும் போய்விட்டது. காப்பகத்துக்குப் போகலாம் என்று அதன் வாசல் வரைக்கும் நடந்தேன். உள்ளே குழந்தைகளை எண்ணும் குரல் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று பனிக்குள்ளிருந்து எண்கள் மட்டும் வந்துகொண்டிருந்தன. பதினேழு வரைக்கும் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். காலில் மூன்று அட்டை.

முப்பத்தொன்றுக்கு இன்னும் பத்தொன்பது நாள்.

ஜூலை 15

வந்துவிட்டாள். குடையை மடக்கக்கூட இல்லை.

"அந்த மெயிலக் காட்டுங்க."

எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே இரண்டு முறை படித்தாள். "எம் பேரக் கரெக்டா போட்டிருக்காங்க" என்றாள். தனக்கு வந்த கடிதத்தை மூன்று வருடம் கழித்துப் படிக்கிறவள் என்ன சொல்ல முடியும்?

"வேற என்ன விசாரிச்சீங்க?"

ஜூன் இருபதாம் தேதிப் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். அவள் முதல் பக்கத்துக்குப் புரட்டி அங்கிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டாள். பிடுங்க முடியுமா? ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். ஸ்கேனர் நன்றாகத்தான் இருக்கிறது என்ற இடத்தில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிப்பு இல்லை. கடைசிவரை படித்துவிட்டு மூடினாள்.

"ஏங்க்கா சொல்லல?"

"ஊர்ல எல்லாரும் மணியக்காகிட்ட குடுத்தா சரியா முடிச்சுருவான்னு சொல்றாங்க. அது போயிரும்னு பயந்துட்டேன் கண்ணு. வேற காரணம் ஒண்ணுமில்ல."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? எனக்கு அவ்ளோதான் அறிவுன்னு நெனச்சேன். சீட்டு முடிஞ்சதுன்னா நம்ம மார்க்கு பத்தலன்னு. மூணு வருசமா அப்படித்தான் நெனச்சுட்டிருக்கேன்."

இதை நான் யோசித்ததே இல்லை. மறைத்தது ஒரு கடிதத்தை மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அவள் தேற்றவும் இல்லை. கேள்விகள் எழுதியிருந்த பக்கத்தைத் தன் போனில் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவ நானே விசாரிக்கறேன். நீங்க நல்லதே சொன்னாலும் எனக்கு நம்பிக்க வராது."

ஜூலை 24

டவுனில் மற்ற இரண்டு கடையிலும் நெட் இல்லையாம், அதனால்தான் இங்கே வந்தாளாம். அது நிஜமா என்று நான் விசாரிக்கவில்லை.

சுலோசனா அம்மாளிடம் அரைமணி நேரம் பேசியிருக்கிறாள். பொள்ளாச்சிக்குத் தனியாகப் போய் சென்டரைப் பார்த்திருக்கிறாள். "பெயிண்டெல்லாம் உரிஞ்சிருக்கு. பென்ச்சுல பேரெல்லாம் கீறி வெச்சிருக்காங்க. ஆனா உள்ள ரூம் இருக்குக்கா. நான் பின்பக்கம் சுத்திப் போயும் பாத்தேன்." என் கனவைப் படித்தவளாயிற்றே. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும் போய், திறந்தநிலைப் பள்ளிச் சான்றிதழோடு வந்தால் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறாள். பாஸ் பண்ணி வா என்றார்களாம். கோயம்புத்தூர் வகுப்பு வேண்டாம், நேராகச் சென்டரிலேயே சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். நானாக இருந்தால் கோயம்புத்தூர் வகுப்பையும் சேர்த்துத்தான் எடுத்திருப்பேன்.

விண்ணப்பத்தைத் திறந்து நிரப்ப ஆரம்பித்தேன். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர். பாடங்களை அவள் சொல்லச் சொல்ல அடித்தேன். உயிரியல் என்று சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் போன் கூவியது. ஆறு இலக்க ஓ.டி.பி. வந்திருந்தது.

அப்போதுதான் பார்த்தேன். கைபேசி எண் இடத்தில் என் நம்பரை அடித்திருக்கிறேன். பதினான்கு வருடப் பழக்கம். இத்தனைக்கும் பிறகு, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

நாங்கள் இருவரும் அந்த எண்ணைப் பார்த்தோம். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"நீயே உக்காரு" என்றேன்.

அவள் உட்கார்ந்து என் நம்பரை ஒவ்வொரு இலக்கமாக அழித்தாள். தன் நம்பரை அடித்தாள். என் ஈமெயிலையும் அழித்தாள். அவளுக்கென்று ஒன்று அவளே உண்டாக்கி வைத்திருந்தாள். காப்பகத்தின் மேட்டில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சிக்னல் வருகிறதாம், தினம் இரண்டு முறை போய்ப் பார்த்துக்கொள்வாளாம். கொஞ்ச நேரத்தில் அவள் போன் ஒலித்தது. எண்ணை வாசித்துச் சொல்வாள் என்று பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டேன். அவள் போனை என் பக்கம் திருப்பவில்லை.

"நானே போட்டுக்கறேங்க்கா" என்றாள்.

எனக்கு வலித்தது. வலிக்க வேண்டியதுதான்.

ஆகஸ்ட் 10

இப்போது யாருக்கும் என் நம்பர் போடுவதில்லை. போன் இல்லாதவர்கள் மகளுடையதோ மருமகனுடையதோ எழுதிக்கொண்டு வர வேண்டும். "மணியக்காவுக்குத் தலக்கனம் வந்துருச்சு" என்று லைன் வீடுகளில் பேச்சு. பேசட்டும். பழைய ஆட்களுக்கு வந்தவற்றை ஒரு நோட்டில் எழுதி, வருகிறவர்களிடம் ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். சொல்லாமல் விட்டவை இன்னும் நான்கு இருந்தன. நான்கு பேரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன்.

சுகிர்தா அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. சேர்க்கை எண் வந்ததா, படிவம் திரும்பிவிட்டதா, எனக்கு ஒன்றும் தெரியாது. ஊரில் ஒருவருடைய சேதி எனக்குத் தெரியாமல் இருப்பது வீட்டில் ஒரு அறை பூட்டிக் கிடக்கிற மாதிரி இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கை கதவுக்குப் போகிறது.

இன்று சாயங்காலம் வீட்டுக்காரர் நனைந்துபோய் வந்தார். துண்டைக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "காலைல உம்பட கஸ்டமர் பஸ்ல வந்துச்சு. பொள்ளாச்சிக்கு. பைல புது நோட்டு. வழியில அது போன் அடிச்சுது. எடுத்துப் படிச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிச்சு. பாத்தா அழுவுது. என்னம்மான்னேன். ஒண்ணுமில்லண்ணா, எனக்கு மெசேஜ் வந்திருக்குதுன்னுச்சு."

"என்ன மெசேஜ்னு கேட்டீங்களா?"

"நான் எதுக்குக் கேக்கறேன்?"

உலையில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே கிளறிக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் வந்தது என்று மட்டும் கேட்டேன்.

"சிக்னல் வேற எங்க வரும்? ஒம்பதாவது வளைவுலதான்" என்றார்.

என் போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்கு வர வேண்டியதும் இல்லை.